ஐந்துக்கு மூன்று

அக்காவின் படிகம் சரியானதுதான் என்று உலகம் ஒப்புக்கொள்ள முப்பத்தோரு வருடம் ஆயிற்று. ஒப்புக்கொண்ட கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் மருத்துவரின் நினைவூட்டலுக்கும் தண்ணீர்க் குழாய் பழுது அறிவிப்புக்கும் நடுவே, கணினித் திரையில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்திருந்தது.

அவரை அக்கா என்று கூப்பிடும் உரிமை பிறப்பால் ஒருவனுக்குத்தான் உண்டு. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தின் எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைவியாக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால், இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால் ‘அளவுகோல்’ என்பார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர் கிடையாது. அந்தப் பட்டப்பெயர் காதில் விழுந்தபோதும் அவர் வருத்தப்படவில்லை. வளையாததற்குத்தானே அந்தப் பெயர் என்று உள்ளூரப் பெருமைதான் பட்டார்.

கடிதம் எழுதியவர் வேறொரு நாட்டில் நியூட்ரான் கருவி கொண்டு திடப்பொருள்களை ஆராய்கிற ஒரு பெண்மணி. முன்பின் அறியாதவர். ‘மதிப்பிற்குரிய அம்மையாருக்கு’ என்று தொடங்கி, வளைத்துப் பேசாமல் நேராக விஷயத்துக்கு வந்திருந்தார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது.

விஷயம் ஒரு சாம்பல் நிறக் கட்டி. ஓர் அருமண் உலோகம் ஐந்து பங்கு, வெள்ளீயம் மூன்று பங்கு சேர்த்து உலையில் வைத்து எடுத்தது. தனித்தனியே இருக்கும்போது இரண்டு உலோகமும் அடித்தால் நெளியும், இழுத்தால் வளையும். சேர்ந்துவிட்டாலோ வளைவு என்பதே கிடையாது. சுத்தியல் பட்டால் கண்ணாடிபோல் சிதறும். சில குடும்பங்களும் அப்படித்தான். ஈரக்காற்று பட்டால் ஒரு வாரத்தில் பொடியாகிவிடும் என்பதால், ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, குப்பியின் வாயை உருக்கி மூடி வைக்கவேண்டும். கடுங்குளிரில் அதன் மின்தடை அடியோடு மறைந்தது. அதுதான் அன்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

அதன் உள்கட்டமைப்பைக் கண்டுபிடித்தவர் அக்கா. அறுகோண அடுக்கு. ஆறு உலோக அணுக்கள் சூழ்ந்து நிற்க நடுவில் ஒரு சின்ன அறை. அறைமேல் அறையாக, படிகத்தின் நீளத்துக்கும் குழாய்போல ஓடும். அந்த அறைகள் காலி என்று அவர் எழுதியிருந்தார். கட்டுரை வெளிவந்தது, பாராட்டு வந்தது. பிறகு மூன்று நாடுகளிலிருந்து மூன்று ஆய்வுக்கூடங்கள், ‘நீங்கள் சொன்னபடியே செய்தோம். எங்களுக்கு அறுகோணம் வரவில்லை, வேறு ஏதோ நாற்கோண அடுக்கு வருகிறது, மின்தடையும் மறையவில்லை’ என்று எழுதின. அதற்குப் பின் நடந்ததை அக்கா நினைத்துப் பார்ப்பதில்லை.

இப்போது இந்தப் பெண்மணி எழுதுகிறார்: ‘உங்கள் கூடத்து அலமாரியில் மிச்சமிருந்த முதல் மாதிரியின் குப்பி ஒன்றை இயக்குநர் அனுப்பிவைத்தார். நியூட்ரானில் வைத்துப் பார்த்தோம். அந்த அறைகள் காலியில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன் அணு குடியிருக்கிறது. வெற்றிடத்தில் சூடாக்கி அதை வெளியேற்றினால் கட்டடமே சரிந்து நாற்கோணமாகிவிடுகிறது. எக்ஸ்ரேயால் ஹைட்ரஜனைப் பார்த்திருக்க முடியாது. நீங்கள் கண்ட மற்ற அணுக்கள் ஒவ்வொன்றும் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருக்கின்றன. அன்று நீங்கள் வாங்கிய உலோகத்திலேயே ஹைட்ரஜன் இருந்திருக்கவேண்டும். தூய்மைச் சான்றிதழ்கள் மற்ற உலோகக் கலப்பை மட்டுமே எண்ணும், வாயுவை எண்ணுவதில்லை.’

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். யானைக்கூட்டத்தின் நடுவே நின்ற எறும்பு. எக்ஸ்ரேக்கு எங்கே தெரியும்? அவர் கண் தப்பவில்லை, கருவியின் கண்தான் தப்பியிருக்கிறது. எழுபத்திரண்டு வயதில், யாருமில்லாத சமையலறையில், அவர் சத்தமாகவே சொன்னார்: “நான் சொன்னேனே!”

திரும்பி வந்து மீதிக் கடிதத்தைப் படித்தார். அதில் இரண்டு கேள்விகள் இருந்தன.

‘முதல் மாதிரி எப்படி ஹைட்ரஜனை இழக்காமல் தப்பியது என்பதை விளக்க வேண்டியிருக்கிறது. அன்றைய உலைப் பதிவேட்டின் பக்கத்தை இணைத்திருக்கிறேன். சூடாக்கும்போது பம்பு வால்வு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்ற கட்டம் நிரப்பப்படவில்லை. உலை இயக்கியவரின் கையொப்பம் தெளிவாக உள்ளது. அவரைக் கேட்டுச் சொல்ல முடியுமா? கட்டுரையில் உங்கள் பெயரை ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கிறோம். அவருக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவிக்க விரும்புகிறோம், அதற்கு அவர் சம்மதிப்பாரா?’

அக்கா இணைப்பைத் திறந்தார். மஞ்சள் பூத்த பக்கத்தின் அடியில் தம்பியின் கையெழுத்து. எட்டு எழுத்து, கடைசி எழுத்தில் ஒரு வால்.

அதைப் போட்டவர் அக்கா.

மானமுள்ள குடும்பங்களில் பொய் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. அவசரம் என்ற பெயரில் வரும், ஒரே ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டு வரும். இவர்களுடைய அப்பா நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். நம் வீட்டுக் கையெழுத்தை யாரும் இரண்டாம் தரம் பார்க்கவேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். அக்கா எக்ஸ்ரேயில் சேர்ந்து ஆறு வருடம் கழித்து, தம்பி தேர்வு எழுதி அதே கூடத்தில் உலை இயக்குபவனாகச் சேர்ந்தான். சிபாரிசு கிடையாது. அவன் நேர்காணலுக்கு வந்த அன்று அக்கா விடுப்பில் இருந்தார், யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று.

கை சுத்தத்துக்குப் பேர்போனவன் அவன். உலை சூடாகிக் குளிரும் வரை பம்பை நிறுத்தமாட்டான். பம்பின் எண்ணெய் ஆவி உலைக்குள் போகாமல் தடுக்க அதன் முன்னால் இருக்கும் குளிர்ப்பொறியில் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் திரவ நைட்ரஜன் ஊற்றவேண்டும். அதற்காக உலையறையிலேயே பாயைப் போட்டுப் படுப்பான்.

அந்த வாரம் எக்ஸ்ரே கருவியில் அக்காவுக்குத் திங்கள் முதல் மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள். தவறினால் இன்னும் ஐந்து மாதம் காத்திருக்கவேண்டும். அம்மாவுக்கு வெளியூரில் கண் அறுவைச் சிகிச்சை. கூடப் போகவேண்டியவர் அக்கா. “நீ வேலையப் பாரு, நான் கூட்டிட்டுப் போறேன். திங்கக்கிழமை வந்ததும் சுட்டுத் தரேன்” என்று தம்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினான். மாதிரியை உலோகக் குழாயில் அடைத்து, வாயைப் பற்றவைத்து மூடி, தயாராக வைத்துவிட்டுத்தான் போனான்.

அக்காவுக்குத் திங்கள்வரை பொறுமையில்லை. சனிக்கிழமை காலை உலையறையைத் திறந்தார். நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்த வேலைதானே. பம்பை ஓட்டினார், முள் இறங்கியது. குளிர்ப்பொறி மட்டும் அவருக்குக் கைவரவில்லை. நைட்ரஜன் தெறித்து, அதன் கடுங்குளிரில் புறங்கையில் ஓர் இடம் வெந்தது. கடைசியில் வால்வை மூடி, பம்பை நிறுத்திவிட்டு, உலையை ஏற்றினார். ஞாயிறு மாலை கட்டி கையில். திங்கள் காலை, உலை இயக்குபவரின் கையெழுத்தில்லாமல் மாதிரியை வாங்கமாட்டேன் என்று எக்ஸ்ரே அறை உதவியாளர் சொன்னார். தம்பி வர மதியம் ஆகும். அக்கா பதிவேட்டைத் திறந்தார். வால்வுக் கட்டத்தில் பொய் எழுதக் கை வரவில்லை, காலியாக விட்டார். கையெழுத்துக்கு மட்டும் கை வந்தது.

மதியம் வந்த தம்பியிடம் சொன்னார்: “நானே சுட்டுட்டேன். உன் பேர்ல போட்டிருக்கேன்.”

“எல்லாம் முறைப்படி பண்ணியாக்கா?”

“எல்லாம் பண்ணியாச்சு.”

அவ்வளவுதான். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்று கூடங்களும் கேள்வி எழுப்பியபோது தம்பி பதினோரு தடவை அதைச் செய்து பார்த்தான். பதினோரு தடவையும் பம்பு ஓட ஓட, அப்பழுக்கில்லாமல் செய்தான். பதினோரு தடவையும் நாற்கோணம் வந்தது. அக்காவும் தம்பியும் கூட்டாகச் சமைத்தது என்று நடைவழியில் பேசினார்கள். மூவர் குழு ஒன்று விசாரித்தது. “முதல் தடவை என்ன வித்தியாசமாச் செஞ்சீங்க?” என்று தம்பியைக் கேட்டார்கள். அவன் ஒரே ஒரு தடவை அக்காவைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்து, “ஞாபகம் இல்ல சார்” என்றான்.

தன் உடன்பிறப்பின் பக்கம் சாய்கிறார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று அக்கா தன் எழுத்து வாக்குமூலத்தில், ‘உலை இயக்குபவரின் கைக்குறைபாடு காரணமாக இருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தார். நடுநிலைமை என்று மெச்சினார்கள். தம்பிக்கு வேலை போயிற்று. அக்காவின் பெயரால் குறிக்கப்பட்ட அந்தக் கட்டமைப்பு, ‘உறுதி செய்யப்படவில்லை’ என்ற குறிப்போடு தரவுப் பட்டியலில் கிடந்தது. அம்மா சாகும்வரை, “ரெண்டு பேருக்கும் நடுவுல என்னடி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரெண்டு பேரும், “ஒண்ணுமில்லம்மா” என்றார்கள்.

கடிதம் வந்த மறுநாள், புதன்கிழமை, இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். அக்கா வேலையில் இருந்தபோது கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இளையவர் அவர்.

“அக்கா, கேள்விப்பட்டேன். கலக்கிட்டீங்க! எக்ஸ்ரே ரூமைப் புதுப்பிக்கிறோம்ல, வாசல்ல உங்க பேரைப் போடலாம்னு கமிட்டில எல்லாருமே சொல்றாங்க. அந்தக் கட்டுரை வந்ததும் வெச்சுக்கலாம்.”

“கட்டுரை இன்னும் முடியல.”

“அந்த வால்வு விஷயம் மட்டும்தானாமே? அது உங்க தம்பிதானே, ஒரு வார்த்தை கேட்டாப் போச்சு.”

ஒரு வார்த்தைதான். அக்கா அன்று முழுவதும் அந்த ஒரு வார்த்தையை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவை வால்வை மூடிவிட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டால் போதும். அதில் அவனுக்கு என்ன கேவலம்? தெரியாமல் நடந்த பிழை, அதிர்ஷ்டமாக முடிந்தது என்று போடுவார்கள். அவனுக்கும் பெயர், அக்காவுக்கும் பெயர். குடும்பத்துக்கு ஒரு கீறல் விழாது. முழுப் பூசணிக்காயை முப்பத்தோரு வருடம் மறைத்தாயிற்று. இன்னும் கொஞ்சம் சோறு அள்ளிப் போட்டால் தீர்ந்தது. இப்படி நினைத்தபோதும் அவர் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருந்து மாறித் தம்பியின் பட்டறைக்குப் போனார். பல்சக்கரம், அச்சு, வெட்டுக்கருவி இவற்றைச் சுட்டு எண்ணெயில் அமிழ்த்திக் கடினப்படுத்தும் சின்னப் பட்டறை. தரையில் புதைத்த மூன்று உலைகள், ஓரத்தில் எண்ணெய்த் தொட்டி, சுவரெல்லாம் புகை. வாசல் மேசையில் தம்பியின் மனைவி, வந்த சாமான்களுக்குத் தகர அட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“அடடே, வாங்க அண்ணி! இன்னைக்கு மழை வரும்னு ரேடியோல சொன்னான். எதை வெச்சுச் சொன்னான்னு இப்பத்தான் புரியுது.”

“நல்லா இருக்கியா?”

“சூட்டுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், சாஞ்சா கவுத்துரும். அட, நீங்கதான் சாய மாட்டீங்களே, உக்காருங்க.”

தம்பி நீளமான இடுக்கியோடு உள்ளேயிருந்து வந்தான். அறுபத்தாறு வயது. புருவம் கருகிக் கருகி இல்லாமலே போயிருந்தது.

“வாக்கா. போன் பண்ணிட்டு வந்திருந்தா உலைய நிறுத்தி வெச்சிருப்பேன்.”

“நிறுத்த வேண்டாம்.”

“நிறுத்தவும் முடியாது. மரியாதைக்குச் சொன்னேன்.”

அக்கா பையிலிருந்து கடிதத்தின் அச்சுப்படியை எடுத்துக் கொடுத்தார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி மாட்டி, வெளிச்சத்துக்காக வாசலில் போய் நின்று படித்தான். பாதியில் அவன் முகம் மாறியது. நாற்பது வயது குறைந்தாற்போல் ஆகிவிட்டது.

“ஹைட்ரஜனா! அடப்பாவி! அப்ப அது உள்ள இருந்துதான் கட்டடத்தைத் தாங்குதா? சூட்டுல அது குழாய்ச் சுவர் வழியாவே கசிஞ்சு வரும், நான் பம்பை ஓட்டி ஓட்டி அதை உறிஞ்சி வெளிய தள்ளிட்டிருந்திருக்கேன்! எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமா செஞ்சேனோ அவ்வளவுக்குக் கெட்டிருக்கு!”

“சுத்தமா இருந்ததுக்கு வேலை போன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள் மனைவி, அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல். “அந்த முதல் தடவை மட்டும் என்ன பண்ணித் தொலைச்சீங்க? கல்யாணத்துலேர்ந்து கேக்கறேன், ஞாபகமில்ல ஞாபகமில்லன்னு ஒரே பாட்டு.”

தம்பி கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினான். இரண்டு கேள்விகளையும் படித்தான். இணைப்புத் தாளையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே, “இந்தாம்மா, பக்கத்துக் கடையில பேரிங் வந்துருச்சான்னு ஒரு நடை பாத்துட்டு வாயேன்” என்றான்.

“அவன் போன் பண்றேன்னானே.”

“போயிட்டு வாயேன்.”

அவள் இருவரையும் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். முப்பத்தோரு வருடம் கழித்தும் அவன் அக்காவின் மானத்துக்குக் கதவு சாத்தியதை அக்கா கவனித்தார்.

“வால்வு மூடியிருந்துச்சா?” என்றான் தம்பி.

அக்கா ஆமாம் என்று தலையை அசைத்தார்.

“எல்லாம் பண்ணியாச்சுன்னியே.”

“குளிர்ப்பொறி எனக்குப் பிடிபடல. கையச் சுட்டுக்கிட்டேன். மூடிட்டேன்.”

“அதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“முக்கியம்னு தோணல. சுத்தமா செஞ்சா இன்னும் நல்லாத்தான வரணும்?”

“அக்கா.” அவன் குரல் உயரவில்லை. “ஏன் சொல்லல?”

வாசலில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது போகும்வரை அக்கா காத்திருந்தார்.

“நீ சிரிப்பேன்னுதான். இவ்வளவு படிச்சவளுக்கு ஒரு பம்பு ஓட்டத் தெரியலயான்னு.”

தம்பி எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

“கையெழுத்தை நான் அன்னைக்கே விட்டுட்டேன்க்கா. அக்காதானே, போட்டா போட்டுட்டுப் போறான்னு விட்டேன். அந்த மூணு பேருக்கு முன்னாடி வாயத் திறக்காம இருந்ததும் நானா செஞ்சதுதான், அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா பதினோரு தடவ! ஒவ்வொரு தடவையும் குழாயை அறுத்துப் பாக்கும்போது என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். ராத்திரியும் பகலுமா பாயப் போட்டுக் காவல் காத்து, நானே அதைக் கொன்னுட்டிருந்திருக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வால்வ மூடிப் பாருடான்னு நீ சொல்லியிருந்தா, அன்னைக்கே இந்தக் கடுதாசிய நாமளே எழுதியிருப்போம்.”

பதில் இல்லாத இடத்தில் நிற்கத் தெரியாதவர் அக்கா. அதனால் வந்த காரியத்தைச் சொன்னார்.

“இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. முதல் தடவை நீதான் வால்வை மூடினேன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உன் பேரையும் போடறாங்க.”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். எந்தச் சிரிப்புக்குப் பயந்து அவர் அன்று மறைத்தாரோ, அந்தச் சிரிப்பில்லை இது.

“கையெழுத்துத்தானே? நீயே போட்டுக்கோக்கா. என்னைவிட உனக்குத்தான் நல்லா வருது.”

அக்காவின் முகம் சிவந்தது. எழுந்து நின்றார்.

“சரி. அப்ப உண்மையையே எழுதிடறேன். நான்தான் சுட்டேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன்னு எழுதிடறேன். போதுமா?”

“எழுது. அன்னைக்குச் சொல்லியிருந்தா எனக்கு வேலை இருந்திருக்கும். இன்னைக்குச் சொன்னா உனக்குப் பேரு இருக்கும். அக்கா கண்டுபிடிச்சது சரி, அக்கா உண்மையும் பேசிட்டா, எவ்வளவு பெரிய மனசுன்னு கை தட்டுவாங்க. நான் யாரு? வாயிருந்தும் பேசத் தெரியாத மடையன். கட்டின பொண்டாட்டிகிட்டகூட சொல்லாம வீட்டு மானத்தைக் கட்டிக் காத்தேன். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் ஈமெயில்ல கொட்டிடு.”

“அப்ப நான் என்னதான்டா பண்றது?”

“அது உன் பாடு. முப்பத்தோரு வருஷம் என் பாடா இருந்துச்சு.”

உலையில் மணி அடித்தது. அவன் இடுக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். சிவந்த பல்சக்கரம் ஒன்று எண்ணெயில் இறங்கும் சீற்றம் கேட்டது. அக்கா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். தெருமுனையில் எதிரே வந்த தம்பி மனைவி, “அதுக்குள்ளயா அண்ணி? பேரிங்கும் வரல, நீங்களும் போறீங்க” என்றாள். அக்கா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

இரண்டு நாள் அக்கா கணினியைத் திறக்கவில்லை. தம்பி சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியவில்லை. பொய் எழுதினால் அவன் முதுகில் இன்னொரு தடவை ஏறி நின்றதாகும். உண்மை எழுதினால் அவன் காத்ததைத் தெருவில் போட்டு, அதன்மேல் நின்று தானே மாலை வாங்கிக்கொண்டதாகும். பேசாமல் இருந்துவிடலாம். அப்படியானால் பதினோரு தடவை சுத்தமாகச் செய்தவன் கை, உலகத்தின் ஏட்டில் என்றைக்கும் குறைபாடுள்ள கையாகவே கிடக்கும். அதை எழுதிக் கொடுத்தது இவருடைய பேனா.

திங்கள் காலை அவர் மேசைமுன் உட்கார்ந்து எழுதினார்.

‘முதல் மாதிரியைச் சூடாக்கியவள் நான். எனக்கு அதற்கு அனுமதி கிடையாது. வால்வு மூடியிருந்தது, குளிர்ப்பொறியை இயக்கத் தெரியாததால் மூடினேன். பதிவேட்டில் உள்ள கையொப்பம் உலை இயக்குபவருடையது அல்ல. அவருடைய பெயரில் நான் போட்டது. அவர் அன்று ஊரிலேயே இல்லை. பின்னர் பதினோரு முறை அவர் செய்தவை ஒவ்வொன்றும் முறைப்படி, ஆயிரத்து நூறு டிகிரியில், பம்பு இடைவிடாது ஓட, பிழையின்றிச் செய்யப்பட்டவை. குறைபாடு அவர் கையில் என்று விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது பொய். இதைக் கட்டுரையில் அப்படியே வெளியிடுங்கள். ஆசிரியர்களின் வரிசையில் என் பெயர் வேண்டாம். அந்தக் கட்டமைப்பை இனி என் பெயரால் குறிக்கவும் வேண்டாம்.’

ஒரு தரம் படித்தார். இரக்கம் கேட்கும் சொல் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினார்.

பெண்மணியின் பதில் மறுநாளே வந்தது. சுருக்கமான, மரியாதையான, கொஞ்சம் திகைத்துப்போன பதில். இயக்குநரின் தொலைபேசி ஒரு வாரம் கழித்து வந்தது.

“அக்கா, எதுக்கு இதெல்லாம் இப்ப... யார் கேட்டாங்க? சரி விடுங்க. அந்த ரூம் விஷயம், கமிட்டி கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு...”

“தள்ளிப் போடாதீங்க. எடுத்துடுங்க.”

“நானும் அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு...”

“சொல்லிட்டீங்க” என்று அக்கா வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கூடத்திலிருந்து யாரும் அவரை அக்கா என்று கூப்பிடவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. வாய்பாட்டில் ஐந்துக்கும் மூன்றுக்கும் பக்கத்தில் ஹைட்ரஜனின் எழுத்து சேர்ந்திருந்தது. நாலாவது பக்கத்தில் ஒரு பத்தி, தம்பியின் முழுப்பெயரோடு. அக்காவை ‘உலை இயக்கப் பயிற்சியற்ற ஒருவர்’ என்று குறித்திருந்தார்கள். அக்கா ஓர் அச்சுப்படியைத் தம்பியின் பட்டறை விலாசத்துக்கு அனுப்பினார். குறிப்பு எதுவும் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது.

“நான்தான்” என்றான் தம்பி.

“சொல்லு.”

“வந்துச்சு. கடைக்கு வர்ற காலேஜ் பையன் ஒருத்தன் இவளுக்குப் படிச்சுக் காட்டிட்டான், அந்த ‘ஒருவர்’ யாருன்னு இவளே புரிஞ்சுக்கிட்டா. இவ எங்கிட்டப் பேசி நாலு நாளாச்சு. உங்க அக்கா செஞ்சதைக்கூடப் பொறுத்துக்குவேன், இத்தன வருஷம் ஒரே வீட்ல இருந்து என்கிட்ட மறைச்சுட்டீங்களேன்னு கேக்கறா. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.”

அக்கா தொலைபேசியை மறுகைக்கு மாற்றினார். மன்னித்துக்கொள் என்ற சொல் அவர் நாக்குக்கு வந்து, பழக்கமில்லாத சொல் என்பதால் அங்கேயே நின்றது.

“நான் வந்து அவகிட்டப் பேசட்டுமா?”

“வேணாம். நீ பேசினது போதும்.” உலையின் இரைச்சலுக்கு மேல் அவன் குரலை உயர்த்தினான். “அப்புறம், அதுல ஆயிரத்து நூறு டிகிரின்னு போட்டிருக்கு. தப்பு. ஆயிரத்து நூத்தம்பது. பதினோரு தடவையும் ஆயிரத்து நூத்தம்பது. அந்த எண்ண யாரு குடுத்தது?”

“நான்தான். ஞாபகத்துல இருந்து எழுதினேன்.”

“லாக் புக்குல நான் எழுதினது பதினோரு பக்கம் இருக்குக்கா. அதையாவது ஒரு தடவை பாத்துட்டு எழுதியிருக்கலாம். திருத்தச் சொல்லு.”

இணைப்பு அறுந்தது.

அக்கா கணினியைத் திறந்து, அந்தப் பெண்மணிக்கு இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தார். ‘கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. அதுவும் என்னுடையதே’ என்று தொடங்கினார்.